உன் அப்பாவின் கார் நனைந்த நாள்

அன்புள்ள சாமு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் காரைப் பற்றிக் கேட்டாய். தை மாதம் கலியாணத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் நீயும் ஷீபாவும் அப்பாவின் காரில் டாப்பைத் திறந்துபோட்டு ராஜபாளையத்தில் நம் வீடு வரைக்கும் வரவேண்டும், அதுதான் உன் ஆசை என்றாய். "கார் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாய். "நல்லாத்தான்யா இருக்கு, மூடித்தான கெடக்கு" என்று சொன்னேன். மூடிக் கிடந்தது என்பது உண்மை. நன்றாக இருக்கிறது என்பது பொய். கார் போய்விட்டது, சாமு. தானாகப் போகவில்லை. எப்படிப் போனது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று தடவை முயன்றேன். நீ மண்டபத்தைப் பற்றியும் ஷீபாவுக்கு எடுத்த சேலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாய். விட்டுவிட்டேன்.

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவள் நான். கூண்டில் நிற்கிறவர்கள் அழுவார்கள், கும்பிடுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர்கள் சொன்ன வார்த்தையை மட்டும் அடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். படிக்கிறபோது அம்மாவுக்கு மனசே இல்லையா என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அப்பா படுத்ததிலிருந்து எனக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. அடக்கத்தன்று நீ சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாய். வந்தவர்களுக்குக் காப்பி காணுமா, பால் இன்னும் வாங்க வேண்டுமா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தது உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து அப்பா ஓய்வு பெற்று வந்தபோது நீ ஆறாம் வகுப்பு. ஊரில் ஒரு மில் முதலாளி வீட்டுப் பின்கட்டில் பழைய சீமைக் கார் ஒன்று கிடந்தது. இரண்டே கதவு, கேன்வாஸ் டாப்பு. வேண்டும்போது டாப்பைப் பின்னால் மடக்கிப் போட்டுக்கொள்ளலாம். பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க, எடம் காலியாவட்டும்" என்று கொடுத்துவிட்டார்கள். அதை ஓட வைக்க அப்பாவுக்கு மூன்று வருஷம் பிடித்தது. ஓடிய முதல் ஞாயிற்றுக்கிழமை, டாப்பைத் திறந்துபோட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டோம். நீ பின்சீட்டில் எழுந்து நின்றுகொண்டு வந்தாய். பஸ் ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். கோர்ட்டில் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்கு வணக்கம் போட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "டாப்ப மூடுங்க. சினிமாக்காரி மாதிரி உக்காந்து வர என்னால முடியாது" என்றேன். அப்பா ஓரமாக நிறுத்தி, ஒன்றும் பேசாமல் டாப்பை இழுத்துக் கொக்கி மாட்டினார்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்திருக்கும்போது அவர் டாப்பைத் திறந்ததே இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போகிறபோது திறப்பார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது உங்கள் இருவரின் தலைமுடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைக்குத் திறங்களேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பல தடவை வாய்வரைக்கும் வந்தது. அவராகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் நானாகச் சொல்லட்டும் என்று இருந்திருப்பார். ஷீபா ஒருநாள் வேண்டாம் என்று சொன்னால் அதை ஆயுசுக்கும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. இன்னொரு நாள் மறுபடியும் கேள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய்.

நம் வீட்டில் ஷெட் போட இடமில்லை. புறவாசலுக்கு எதிரே இருக்கும் காலிமனையில்தான் கார் நிற்கும். வெயில், வேப்பம்பூ, காக்கை எச்சம், ஆடி மாதத்துக் காற்றில் வருகிற மண் எல்லாம் அதன் மேல்தான். முதலில் அப்பா ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். ஒரு வாரச் சாரலுக்குப் பிறகு தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, டாப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலர்த்தினார். "ஈரத்தோட மூடுறது மூடாம விடுறதவிட மோசம். அதுக்கும் காத்து வேணும்" என்றார். அப்புறம்தான் ஒரு கவர் தைக்கக் கொடுத்தார். வெளியே கூடாரத் துணி. உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றில் உரசி பெயின்ட் கோடு விழும் என்று என் பழைய நூல் சேலை நாலை எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. "எஞ் சேலை ஒங்க காருக்கா?" என்று நான் சத்தம் போட்டது பக்கத்து வீட்டுச் சீதம்மாவுக்குக் கேட்டு, அவள் சிரித்தாள். அவள் தெலுங்கு வீட்டுக்காரி, என்னை வதினா, அதாவது அண்ணி என்று கூப்பிடுகிறவள். "அண்ணனுக்கு ரெண்டு பொஞ்சாதி வதினா" என்றாள்.

தினமும் சாயங்காலம் இன்ஜின் சூடு ஆறும்வரை காத்திருந்து, தூசியைத் துணியால் தட்டி, கவரைப் போட்டு, காருக்கு அடியில் படுத்து நாடாவைக் கட்டுவார். காலையில் அவிழ்த்து ஒரு மணி நேரம் காற்றாட விடுவார். மாதம் ஒரு தடவை வெயில் நாளாகப் பார்த்து டாப்பை மடக்கித் திறந்து வைப்பார், மடிப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. பிளஸ் டூ படிக்கும்போது நீ கூட்டாளிகளோடு போய் மழையில் நனைந்து வந்து ஈரத்தோடு மூடிவிட்டுப் படுத்துவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த நாள் அப்பா கவரைத் தூக்கினார், முகர்ந்து பார்த்தார். உன்னைத் திட்டவில்லை. பதினோரு நாள் உன்னோடு பேசவில்லை. நீ சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாய். நான் நடுவில் புகுந்து, பிள்ளையிடம் பேசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் இன்றைக்குச் சொல்கிறேன்: அந்த மௌனம் அதுவரை எனக்குத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பதினோரு நாள் அது உன் பக்கம் போனதில் எனக்கு ஓய்வாக இருந்தது.

போன வருஷம் சித்திரையில், காருக்கு அடியில் நாடா கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு வாதம் அடித்தது. கால் மட்டும் வெளியே தெரிய, வெகுநேரம் அசையாமல் கிடக்கிறார் என்று சீதம்மாதான் கூப்பிட்டாள். மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கொண்டுவந்தோம். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. நீ இருபது நாள் இருந்தாய், புனேவுக்குத் திரும்பினாய். போகத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அவரிடம் ஐந்தாறு வார்த்தைதான் மிச்சம். தண்ணி. லைட்டு. ஏம்மா. அப்புறம், "மூடியாச்சா?" வெயில் சாய்ந்ததும் ஆரம்பிப்பார். "மூடி... யாச்சா?" நான் போய்த் தூசி தட்டி, கவரைப் போட்டு, வலிக்கிற முழங்காலோடு மண்ணில் படுத்து நாடாவைக் கட்டிவிட்டு வந்து "மூடியாச்சு" என்பேன். காலையில் அவிழ்ப்பேன். ஆறு மாதம் ஒருநாள்கூடத் தப்பாமல் செய்தேன். நான் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்பார். நான் சாப்பிட்டேனா என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. மிச்சமிருக்கிற வார்த்தைகளை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை, அதுவாக வருவது என்று டாக்டர் விளக்கிச் சொல்லியிருந்தார். புரிந்துதான் இருந்தது. புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல வெயில். மாதம் ஒரு தடவை செய்ய வேண்டியது என்று காலையில் டாப்பை மடக்கித் திறந்து வைத்தேன். கவரைச் சுவரில் போட்டேன். அன்றைக்கு அப்பா இரண்டு தடவை படுக்கையை நனைத்துவிட்டார். துடைத்து, மாற்றி, விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து உள்கொடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது நாலு மணி இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. "மூடியாச்சா?" என்றார். நான் புறவாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே கார், டாப்பு திறந்தபடி. பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். "மூடியாச்சு" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கோபம் வந்து அப்படிச் செய்தேன் என்று நீ நினைக்கலாம். கோபமாக இருந்திருந்தால் எழுதுவது சுலபம். கோபம் இல்லை, பழிவாங்கும் எண்ணமும் இல்லை. சீட்டில் தண்ணீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சீதம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள். "வதினா! காரு நனையுது, டாப்ப இழுங்க! நான் வரட்டா?"

"நான் பாத்துக்கிடுதேன். நீ உள்ள போ" என்றேன்.

அவள் செத்த நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். நான் கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அந்தக் காப்பி சூடாக இருந்தது என்பது மட்டும் இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகு அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். தூக்கி உட்கார வைக்க நான் குனிந்தபோது அவர் இடது கையை மெதுவாக உயர்த்தினார். என் தலையைத் தொட்டார். தோளைத் தொட்டார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. என் தலையும் உலர்ந்திருந்தது, தோளும் உலர்ந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அதற்குமேல் கேட்கவில்லை. நான் ஊட்டினேன், குடித்தார். அடுத்த நாள் சாயங்காலம் வழக்கம்போல "மூடியாச்சா?" என்றார். நானும் வழக்கம்போலச் சொன்னேன். அவருக்குத் தெரியுமா, தெரிந்துகொண்டேதான் கேட்டாரா, இல்லை டாக்டர் சொன்ன மாதிரி அதுவாக வந்த வார்த்தையா? எனக்குத் தெரியாது. ஒன்று சொல்கிறேன், அவர் கேட்கிற நேரம் வந்தாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அங்கிருந்தே பதில் சொல்லுவேன்.

மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்தது. நாலாவது நாள் நனைந்த காரின் மேல் நனைந்த கவரை இழுத்துப் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டினேன். காரைக் காப்பாற்றுவதற்கு இல்லை. சீதம்மாவின் கண்ணில் படாமல் இருக்க. அதற்குப் பிறகு அவிழ்க்கவே இல்லை. தினமும் மூடியாச்சு என்று சொன்னேன், அது உண்மையாகவும் இருந்தது.

இதுவரைக்கும் எழுதியது காரைப் பற்றி. ஒரு கார் போனால் போகிறது என்று நீ சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. நிதானமாகப் படி.

போன வருஷம் கிறிஸ்மஸுக்கு வருவதாக நீ கார்த்திகையிலேயே சொன்னாய். "டிக்கெட் போட்டுட்டேன்மா. பத்து நாள் இருப்பேன். வெயில் அடிச்சா காரைக் கழுவி, ஸ்டார்ட் பண்ணி, முன்வாசலுக்குக் கொண்டாந்து அப்பாவுக்கு ஜன்னல் வழியாக் காட்டப் போறேன்" என்றாய். அப்போது எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. நீ கவரைத் தூக்குவாய். அப்பாவின் கட்டில் முன்வாசல் ஜன்னல் பக்கம்தான் இருந்தது, காலிமனை அங்கிருந்து தெரியாது. இரண்டு நாள் கழித்து நானே உனக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்கு நெஞ்சுல சளி. வெளியாள் வந்தா ஒட்டிக்கிடும், ஒரு மாசத்துக்கு யாரும் வரவேண்டாம்னு டாக்டர் சொல்லுதாரு. நீ பொங்கலுக்கு வா" என்று சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அப்பாவுக்குச் சளியும் இல்லை. நீ "சரிம்மா" என்றாய். பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. மாசியில் அப்பா போய்விட்டார்.

கிறிஸ்மஸ் அன்று அவர் தெளிவாகத்தான் இருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். கோயிலிலிருந்து வந்த பாடகர்கள் வாசலில் பாடிவிட்டுப் போனார்கள். கேக் ஒரு துண்டு தின்றார். அன்றைக்கு ஒரு புது வார்த்தை சொன்னார். "சாமு?" என்றார். நான் "பொறவு வருவான்" என்றேன். அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் நீ ஏன் வரவில்லை என்ற பேச்சு வரும் என்று அடக்கிக்கொண்டேன். அப்பாவின் கடைசி நாட்களில் உன்னை வரவிடாமல் செய்தது உன் வேலையும் இல்லை, ரயிலும் இல்லை. நான்தான். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நீ காரின் மேல் கையை வைத்து, கவரோடு சேர்த்து முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாய். "தெறந்து பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டாய். "இப்ப வேண்டாம்யா" என்றேன். உன் பின்னால் நின்று, நீ நாடாவைத் தொடுகிறாயா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை அழும்போது முதுகில் கை வைக்கவில்லை நான்.

போன ஞாயிறு உன் போனை வைத்த பிறகு வெளியே போய் நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன். கவரின் உள்துணி சீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சீட்டெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். மடக்கிய டாப்பை இழுத்தேன், மடிப்பிலேயே கிழிந்தது. பட்டாளத்தில் அப்பாவோடு வண்டி வேலை பார்த்த சேவியரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரச்சொன்னேன். அவர் உள்ளே குனிந்து சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். தரைத் தகடு பெயர்ந்து மண்ணில் விழுந்தது.

"இன்ஜினுக்கு உயிர் குடுத்துரலாம் அக்கா. ஆனா கீழ ஒண்ணுமில்ல. உக்காந்தா காலு ரோட்டுலதான் இருக்கும்" என்றார். பிறகு கவரைப் புரட்டிப் பார்த்தார். "கவரு கிழியல. மூடிக் கெடந்த வண்டிக்குள்ள இம்புட்டுத் தண்ணி எப்படிப் போச்சு?"

"டாப்பு தெறந்து கெடந்துச்சு. மழை பேஞ்சுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் படுத்திருந்தப்போ அவிய பக்கத்துல வேற யாரு இருந்தாவ அக்கா, உங்களுக்கு மாத்து ஆளா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல."

"கேட்டிருந்தா எங்க வீட்டுக்காரி வந்திருப்பாளே அக்கா."

கேட்டிருக்கலாம். சீதம்மாவைக் கேட்டிருக்கலாம். உன்னிடம் "என்னால முடியல, வா" என்று சொல்லியிருக்கலாம். நீ தினமும் போன் செய்து "அப்பா எப்படி இருக்காவ?" என்று கேட்டாய், நானும் தினமும் "நல்லா இருக்காவ" என்றேன். முடியவில்லை என்கிற ஒரு வார்த்தையை வாயில் கொண்டுவரத் தெரியாமல் வயது அறுபதாகிவிட்டது. கலியாணத்துக்கு முன்னால் உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு புத்தி எதுவும் இல்லை, இதுதான். முடியவில்லை என்றால் ஷீபாவிடம் முடியவில்லை என்று சொல். அவள் நன்றாக இருக்கிறேன் என்று தினமும் ஒரே குரலில் சொன்னால், நம்பிவிட்டுப் போனை வைக்காதே.

இந்தக் கடிதத்தை ஷீபாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காரைச் சேவியர் நாளை மறுநாள் வந்து இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். பொறுங்கள், மகன் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, மேலே எதுவும் போடாமல் நிற்கிறது. சீதம்மா பார்த்துவிட்டாள். அவளிடமும் சொன்னேன். "அன்னைக்கே தெரியும் வதினா" என்றாள்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வருவதாகத்தான் உன் திட்டம். அதுவரை பொறுக்க வேண்டாம். டிக்கெட் கிடைத்தால் இந்தக் கிறிஸ்மஸுக்கே வா. கோபத்தோடு வந்தாலும் வா, வந்து என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு. போனில் மட்டும் எதுவும் சொல்லி முடித்துவிடாதே. எத்தனை மணி வண்டியானாலும் நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன் அம்மா